வாலறுந்த கிடார்

என் மனைவியின் தம்பிக்கு வாரத்தில் ஐந்து நாள் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன். சனி, ஞாயிறு மெல்லிசைக் குழுவில் கிடார். இரண்டில் எதில் வருமானம் அதிகம் என்று கேட்டால் கோபம் வரும். இரண்டில் எது பிடிக்கும் என்று கேட்கவே வேண்டாம். திங்கட்கிழமை காலையில் அவன் முகத்தைப் பார்த்தால் போதும்.

போன வருஷம் ஆடி மாதம், சென்னையில் ஒரு தெருவோர அம்மன் கோயிலில் கச்சேரி. மத்தியானம் கூழ் ஊற்றி, ராத்திரி எட்டு மணிக்கு இன்னிசை. சாயங்காலம் ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கோயில் மேடை என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். மச்சினன் ஈரப் பலகையில் வெறுங்காலுடன், கழுத்தில் எலெக்ட்ரிக் கிடாருடன் நின்றான். மூன்றாவது பாட்டில் கோரஸ் வந்தது. 'லாலலா' சொல்வதற்காக மைக்கிடம் உதட்டைக் கொண்டுபோனான்.

'பட்'டென்று ஒரு பொறி. அடுத்த விநாடி ஆள் பின்னாலிருந்த ரிதம் பேடின் மேல் கிடந்தான். கை காலெல்லாம் வெடவெடவென்று உதறுகிறது.

இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், மாதம் ஆடி. இடம் அம்மன் கோயில். கூட்டத்தில் யாருக்குமே இது கரன்ட் என்று தோன்றவில்லை. "தம்பி மேல ஆத்தா வந்துட்டா!" என்று ஒரு குரல். முன் வரிசையிலிருந்த பாட்டி ஒருத்தி வேப்பிலையும் விபூதியுமாக மேடையில் ஏறி, அவன் நெற்றியில் பூசி, "என்ன குறைம்மா உனக்கு? சொல்லிரு!" என்று கேட்டாள். சவுண்ட் சர்வீஸ்காரர் மட்டும் ஓடிப்போய் மெயினை அணைத்தார். அவருக்குத் தெரியும் வந்தது யாரென்று.

உதட்டில் ஒரு சின்னக் கொப்புளத்துடன் தப்பித்தான். வீட்டுக்கு வந்ததும் என் சகதர்மிணி தீர்ப்பு சொன்னாள்: "இனிமே அந்தக் கிடாரைத் தொட்டே, அக்கான்னு வாசப்படி மிதிக்காதே." அவன் என்னைப் பார்த்தான். நான் பேப்பர் படித்தேன். ஒரு வாரம் கழித்து சமரசத் திட்டத்துடன் வந்தான்.

"மாமா, ஒயர்லெஸ் வாங்கிட்டா ஷாக் அடிக்காதாம். வர்றீங்களா, பார்த்துட்டு வரலாம்?"

"அடிக்காதாம்னு யார் சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க மாமா."

எல்லாரும் சொல்வதில் பாதியாவது சரியாக இருக்குமா என்று பார்க்கப் புறப்பட்டோம்.

* * *

முதலில் அந்த ஷாக் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். எலெக்ட்ரிக் கிடாரின் கம்பிகள் சும்மா கம்பிகள் அல்ல. இரைச்சல் வராமலிருக்க, அவற்றை உள்ளேயே எர்த்துடன் இணைத்திருப்பார்கள். அந்த எர்த், வயர் வழியாக ஆம்ப்ளிஃபையருக்குப் போகிறது. ஆம்ப் கோயில் சுவரிலிருந்த பிளக்கில். மைக்கின் இரும்பு வலை மிக்ஸருடன் சேர்ந்தது. மிக்ஸர் ஜெனரேட்டரில். ஆக, கையில் ஒரு வீட்டுக் கரன்ட், உதட்டில் வேறு வீட்டுக் கரன்ட். இரண்டுக்கும் எர்த் ஒழுங்காக இருந்தால் சம்பந்திகள் சமாதானமாக இருப்பார்கள். அன்றைக்கு ஆம்ப்பின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை யாரோ உடைத்துவிட்டு இரண்டு முள்ளில் செருகியிருந்தார்கள். நம் ஊரில் இது ஒரு குடிசைத் தொழில். நடுவில் கிடைத்த வயர், என் மச்சினன். கையிலிருந்து உதட்டுக்குப் போகிற வழியில்தான் இதயம் இருக்கிறது என்பது இதில் உள்ள ஆபத்து. வீடுகளில் ஆர்.சி.சி.பி. என்று ஒரு ட்ரிப்பர் வைக்கிறோமே, அது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கட் ஆகிற மாதிரி வைப்பது இதனால்தான். ஒரு ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு. அதற்கு மேல் உடம்பு தாங்குவது அவரவர் பூர்வ புண்ணியம்.

இது ஏதோ நம் தெருக்கோடி மேடைகளுக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். 1972 மே மாதம் பிரிட்டனில், வேல்ஸ் பகுதி ஸ்வான்சீ நகரத்தில் 'ஸ்டோன் தி க்ரோஸ்' என்ற குழுவின் கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார். வயது இருபத்தேழு. 1976 டிசம்பரில் அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தின் லேக்லாண்டில், முகமெல்லாம் சாயம் பூசிக்கொண்டு ஆடும் 'கிஸ்' குழுவின் ஏஸ் ஃப்ரேலி, மேடைப் படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியைப் பிடித்தார். தூக்கிப் போட்டது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து மிச்சக் கச்சேரியை வாசித்தார் என்பதும், பிற்பாடு 'ஷாக் மீ' என்று ஒரு பாட்டே எழுதினார் என்பதும் வேறு விஷயம். அதற்கப்புறம் அந்தக் குழு கிடாரின் வாலை அறுத்துவிட்டு வயர்லெஸ்ஸுக்கு மாறியது.

அவர்கள் வாங்கியது கென் ஷாஃபர் என்ற அமெரிக்கர் செய்த பெட்டி. அதற்கு முன்னாலும் வயர்லெஸ் இருந்தது. ஆனால் நடுநடுவே சிக்னல் விழுந்துவிடும். ஷாஃபரின் பெட்டியில் 'டைவர்சிட்டி' என்று ஓர் ஏற்பாடு. இரண்டு இடத்தில் கேட்டு, நன்றாக விழுகிற பக்கத்தை எடுத்துக்கொள்வது. ஸ்கூல் யூனிஃபார்மில் மேடை முழுக்க ஓடுவாரே, 'ஏசி/டிசி' குழுவின் ஆங்கஸ் யங், அவருக்கு அந்தப் பெட்டியின் சத்தமே பிடித்துப்போய், ஓட வேண்டிய அவசியமே இல்லாத ஸ்டூடியோவிலும் அதன் வழியாகவே வாசித்தார்.

ஆக மச்சினன் கேள்விப்பட்ட பாதி சரிதான். கிடாருக்கும் ஆம்புக்கும் நடுவே வயர் இல்லையென்றால், கையிலிருக்கிற கம்பி எந்த வீட்டுக் கரன்ட்டையும் சேராது. பேட்டரியில் ஓடுகிற ஒரு தனித் தீவு. மீதிப் பாதியை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. மைக்கிலேயே கரன்ட் கசிந்து, காலடி ஈரமாக இருந்தால், கிடாரே இல்லாத பாடகருக்கும் அடிக்கும். வயர்லெஸ் வாங்கிவிட்டு எர்த்தை மறந்தால், செத்தவன் கையில் நல்ல கிடார் இருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். இதை என் மனைவி இல்லாத நேரத்தில் அவனிடம் சொன்னேன்.

* * *

ரிச்சி தெருவுக்குப் போனோம், அண்ணா சாலைக்குப் போனோம். விலை மூவாயிரம், நாலாயிரத்தில் ஆரம்பித்து அரை லட்சத்தைத் தாண்டியும் ஓடுகிறது. ஒரு கடைப் பையன் பெட்டியைக் காட்டி, "நூறு மீட்டர் ரேஞ்ச் சார்!" என்றான். அவன் இதைச் சொன்ன விதத்தில் எனக்கே ஒன்று வாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

யோசித்துப் பாருங்கள். ரிசெப்ஷன் மேடையில் ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒதுக்குவது இருபதடி. அதில் கீபோர்டு, தபேலா, டிரம்ஸ், இரண்டு பாடகர்கள், பாடகரின் தண்ணீர் பாட்டில் எல்லாம் போக, கிடாரிஸ்ட்டுக்கு இரண்டடிக்கு இரண்டடி. நூறு மீட்டரில் அவன் மண்டபத்தைத் தாண்டி பஸ் ஸ்டாப்பில் நிற்பான். அந்த நூறு மீட்டரும் நடுவில் ஈ காக்காய் இல்லாத மைதானத்தில் அளந்தது.

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எந்த அலைவரிசையில் ஓடுகிறது என்பதுதான். இன்றைக்குக் கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் டிஜிட்டல். 2400-லிருந்து 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை. நம் நாட்டில் இதற்கு லைசென்ஸ் வேண்டாம். வேண்டாம் என்பதுதான் இதன் பலம், அதுவேதான் பலவீனம். இலவசமாக விட்ட புறம்போக்கில் யார் யார் குடிசை போடுவார்கள் என்று நமக்குத் தெரியாதா? வைஃபை அங்கேதான். புளூடூத் அங்கேதான். மைக்ரோவேவ் அடுப்பு அங்கேதான். கல்யாண வீடியோக்காரர் பறக்கவிடுகிற டிரோனின் ரிமோட், மாப்பிள்ளையின் கோட்டில் குத்துகிற குட்டி மைக், இவையும் பெரும்பாலும் அங்கேதான்.

இதற்குள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றால், ஒரு சேனலில் நெரிசல் என்றால் இன்னொன்றுக்குத் தாவுகிற உத்தி சில செட்களில் உண்டு. இந்தத் தாவலுக்கு 1942-லேயே பேட்டன்ட் எடுத்தவர்களில் ஒருவர், ஹெடி லாமர் என்ற ஹாலிவுட் நடிகை. உலகத்தின் பேரழகி என்று விளம்பரம் செய்யப்பட்டவர். நீர்மூழ்கிக் குண்டுக்குப் போகிற ரேடியோ கட்டளையை எதிரி குழப்பக்கூடாது என்று, ஜார்ஜ் ஆன்தைல் என்ற இசையமைப்பாளருடன் சேர்ந்து யோசித்தார். பியானோவில் எத்தனை கட்டையோ அத்தனை, 88 அலைவரிசைகளில் தாவுகிற யோசனை. அப்போது கப்பற்படை அதைச் சீந்தவில்லை. நடிகைக்கு இதெல்லாம் தெரியுமா என்று நினைத்திருப்பார்கள். (மச்சினன் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு முதல் வேலையாக அவர் போட்டோவைத் தேடிப் பார்த்தான்.)

2.4 வேண்டாமென்றால் 5.8 கிகாஹெர்ட்ஸ் செட்களும் வருகின்றன. அங்கே கூட்டம் கொஞ்சம் குறைவு. ஆனால் அலை நீளம் ஐந்து சென்டிமீட்டர்தான். குறுக்கே ஒரு தடித்த மாமா நின்றாலே சுருண்டுவிடும். மூன்றாவது, பழைய யு.எச்.எஃப். சவுண்ட் சர்வீஸ்காரர்கள் பாடகருக்குத் தருகிற கையடக்க மைக்குகளில் பெரும்பாலானவை இந்த ரகம். 600 மெகாஹெர்ட்ஸில் அலை நீளம் அரை மீட்டர். ஆளைச் சுற்றிக்கொண்டு போகும், விழாது. சிக்கல் என்னவென்றால், பல செட்கள் ஒரே மேடையில் ஓடும்போது ஒன்றையொன்று கெடுக்கும். 600-லும் 601-லும் இரண்டு மைக் ஓடினால், 599-லும் 602-லும் அழைக்காத விருந்தாளிகளாக இரண்டு பேய் சிக்னல்கள் முளைக்கும். அந்த இடத்தில் உங்கள் கிடார் இருந்தால் தீர்ந்தது. யு.எச்.எஃப். வாங்குவதென்றால் அலைவரிசையை மாற்றிக்கொள்ளக் கூடியதாக வாங்கி, சவுண்ட்காரரிடம் "அண்ணே, உங்க மைக்கெல்லாம் எதுல ஓடுது?" என்று கேட்டுவிட்டு வைக்க வேண்டும்.

இன்னொன்று. வெளிநாட்டில் இருக்கிற சித்தப்பா பையன் "சும்மாதான் கிடக்குது, எடுத்துக்க" என்று பழைய யு.எச்.எஃப். செட் கொண்டுவந்தால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் பின்பக்கத்து ஸ்டிக்கரைப் பாருங்கள். அமெரிக்காவில் 700 மெகாஹெர்ட்ஸ் செட்களை 2010-லும், 600-ல் பெரும் பகுதியை 2020-லும் மூடிவிட்டார்கள். செல்போனுக்கு விற்றாகிவிட்டது. இங்கேயும் 2022 ஏலத்தில் 700-ஐ ஜியோ வாங்கியிருக்கிறது. அவர் சும்மாவா கொடுக்கிறார்?

தாமதம் என்று ஒன்று இருக்கிறது. டிஜிட்டல் செட், சத்தத்தை எண்ணாக்கி, அனுப்பி, மறுபடி சத்தமாக்க நேரம் எடுக்கும். நல்ல செட்களில் இரண்டிலிருந்து ஐந்து மில்லி செகண்ட். பயப்பட வேண்டாம். ஒலி ஒரு மில்லி செகண்டில் ஓடுவது 34 சென்டிமீட்டர்தான். மூன்று மில்லி செகண்ட் தாமதம் என்றால், ஆம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று வாசிப்பது மாதிரி. யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். ஆனால் "புளூடூத்லயே கனெக்ட் பண்ணிக்கலாமே, எதுக்கு செலவு?" என்று ஆபீஸில் ஒரு புத்திசாலி சொல்வார். சாதாரண புளூடூத்தில் நூறிலிருந்து இருநூறு மில்லி செகண்ட் வரை போய்விடும். அதாவது மேடையில் வாசித்து, பந்தியில் உட்கார்ந்து கேட்பது. ரசம் வரும்போது பல்லவி வரும்.

* * *

அன்றைக்கு ஒன்றும் வாங்கவில்லை. குழுவிலிருந்த பேஸ் கிடாரிஸ்ட் ஒரு சல்லிசான குட்டி செட்டை இரவல் கொடுத்தார். கிடாரில் நேராகச் செருகுகிற ஒரு பூச்சி, எதிர்ப்பக்கம் செருகுகிற இன்னொரு பூச்சி. அடுத்த ஞாயிறு ஒரு பெரிய மண்டபத்தில் ரிசெப்ஷன். ரிசீவர் பூச்சியை எங்கே செருகுவது? மிக்ஸர் மண்டபத்தின் கடைசியில், வாசலுக்குப் பக்கத்தில். நேராக அதிலேயே செருகிவிட்டான். வயரே இல்லை. நாலு மணிக்கு சவுண்ட் செக். மேடையில் இங்கும் அங்கும் நடந்தான், படியிறங்கி நாற்காலி வரிசைக்குள் போனான், திரும்பி வந்தான். சத்தம் தங்கம் மாதிரி இருந்தது. "பார்த்தீங்களா மாமா! நூறு மீட்டர்னு சொன்னான்ல!"

ஏழரை மணிக்குக் கூட்டம் வந்தது. நாற்காலியெல்லாம் நிறைந்து, பரிசுக் கவர் கொடுக்கிற கியூ வேறு மேடைக்கு எதிரே வளைந்து நின்றது. எட்டேகாலுக்கு, கிடாருக்கென்றே பிறந்த ஓர் இளையராஜா பாட்டு. முன்னிசையே கிடார்தான். மச்சினன் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான். நாலு ஸ்வரம் வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. ஒரு ஸ்வரம். 'ப்ட்ட்'. அரை ஸ்வரம். மறுபடி ஒன்றுமில்லை. மூடிய கண்ணைத் திறக்க அவனுக்கு நேரமாயிற்று. கண்ணைத் திறந்தபோது பாடகர், பாடகி, மாப்பிள்ளை, பெண், போட்டோகிராஃபர் எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீபோர்டுக்காரர் கிடார் டோனைப் போட்டு மீதியை வாசித்துக் காப்பாற்றினார். அதைவிட ஓர் அவமானம் ஒரு கிடாரிஸ்ட்டுக்கு உண்டா, எனக்குத் தெரியவில்லை.

பந்தியில் அவன் பாயசத்தைத் தொடவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த சவுண்ட் சர்வீஸ்காரர்தான் விளக்கினார். முப்பது வருஷமாக மண்டபங்களையே பார்த்தவர்.

"தம்பி, நாலு மணிக்கு இங்க யாரு இருந்தா? நீ இருந்த, நான் இருந்தேன், வாழைமரம் கட்டறவன் இருந்தான். இப்ப எத்தனை பேரு? ஒவ்வொருத்தன் பாக்கெட்லயும் ஒரு செல்லு. பாதிப்பேர் ஹாட்ஸ்பாட் வேற போட்டு வெச்சிருக்கான். அதுக்கும் மேல, மனுஷ ஒடம்பு மொத்தம் தண்ணிதானே? ஒன் சிக்னல் எண்ணூறு தண்ணிக்கொடத்தைத் தாண்டி எங்கிட்ட வரணும். எப்படி வரும்?"

எந்த என்ஜினீயரிங் காலேஜிலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லித் தர மாட்டார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். தண்ணீர் அதை உறிஞ்சும், உடம்பு மறைக்கும். காலி மண்டபத்தில் செய்கிற சவுண்ட் செக், வயர்லெஸ்ஸுக்குப் பொண்ணு பார்க்கிற மாதிரி. அன்றைக்கு எல்லோரும் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள்.

"அப்ப என்னண்ணே பண்றது?"

"ரிசீவரை ஏன் எங்கிட்ட குடுக்கற? ஒன் காலடில வெச்சுக்க. அங்கேருந்து நம்ம மல்ட்டிகோர் வயர் இருக்குதே, அது எதுக்கு? ஒனக்கும் ஒன் பொட்டிக்கும் நடுவுல ஆறடி. அதுக்குள்ள எவன் வந்து நிப்பான்?"

இதுதான் விஷயம். வயர்லெஸ் என்றால் கிடாரிலிருந்து மிக்ஸர் வரைக்கும் ஆகாயத்தில் போக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஷாக் தப்புவதற்கும் கால் இடறாமலிருப்பதற்கும், கிடாரிலிருந்து காலடி வரை வயர் இல்லாமலிருந்தால் போதும். அப்புறம் வயர் போகட்டுமே. வயருக்கு ஹாட்ஸ்பாட் தெரியாது. நூறு மீட்டர் பெட்டியா, முப்பது மீட்டர் பெட்டியா என்ற கேள்வியும் அதோடு ஒழிந்தது. தேவை ஆறடி. அந்த ஆறடியில் நிச்சயமாக வர வேண்டும்.

ஒரு விஷயத்தையும் அவரே சொன்னார். முன்பெல்லாம் பக்கத்துப் பக்கத்து மண்டபங்களில் ஒரே அலைவரிசை மைக்குகள் இருக்கும். ஒரு முகூர்த்த நாளில் இங்கே பாடகி உருகி உருகிப் பாடிக்கொண்டிருக்க, சரணத்தின் நடுவில் ஸ்பீக்கரிலிருந்து, "பொண்ணோட தாய்மாமன் எங்கிருந்தாலும் உடனடியாக மணமேடைக்கு வரவும்" என்று ஆண் குரல் வந்ததாம். இந்த மண்டபத்துத் தாய்மாமன் இலையிலிருந்து எழுந்து ஓடினாராம். டிஜிட்டலில் அந்தத் தொல்லை இல்லை. வந்தால் நம்முடையது வரும், இல்லையென்றால் நிசப்தம். எது மேல் என்று தாய்மாமன்களைத்தான் கேட்க வேண்டும்.

* * *

கடைசியில் மச்சினன் வாங்கியது, ரிசீவர் காலடிப் பெடல் வடிவில் இருக்கிற 2.4 செட். ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். வாங்குவதற்கு முன் கடையில் அவன் செய்தவற்றில் எனக்குப் பிடித்தவை மூன்று.

தன் கிடாரைக் கையோடு கொண்டுபோனான். குட்டிப் பூச்சி ரகம், குழிக்குள் சாய்வாக ஜாக் வைத்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி கிடார்களில் சரியாக உட்காராது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு தெரிந்துகொள்வதில் லாபமில்லை. அவன் கிடார் அந்த ரகம்தான். அதனால் இடுப்பில் மாட்டுகிற டிரான்ஸ்மிட்டர் எடுத்தான்.

பேட்டரிக் கணக்குப் போட்டான். அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் அல்லவா! 'ஐந்து மணி நேரம்' என்று போட்டிருந்த ஒரு பெட்டியைக் கீழே வைத்துவிட்டான். சவுண்ட் செக் நாலு மணி, கச்சேரி முடிவது பத்தரை. ஐந்து மணி நேரம் என்பதும் புது பேட்டரிக்குத்தான். இரண்டு வருஷம் போனால் மூன்றரை ஆகும். உள்ளேயே ஒட்டி வைத்த பேட்டரியைக் கழற்றவும் முடியாது. பென்சில் பேட்டரி போடுகிற ரகத்துக்கு என் ஓட்டு. எந்தப் பெட்டிக்கடையிலும் பீடா பக்கத்தில் கிடைக்கும்.

மூன்றாவது, காதால் கேட்டான். வயரில்லாமல் வாசித்ததும் முகம் சுளித்து, "என்ன மாமா, கீச்சுன்னு இருக்கு?" என்றான். இதற்கும் காரணம் இருக்கிறது. கிடார் வயர் ஒவ்வொரு மீட்டரும் நூறு பிகோஃபாரட் போல மின்சாரத்தைத் தேக்கி வைத்து, மேல் ஸ்தாயியின் கூர்மையைக் கொஞ்சம் தின்றுவிடும். இருபதடி வயர் என்றால் ஆறு மீட்டர். அவன் ஆயுசு முழுக்கக் கேட்டுப் பழகியது அந்தத் தின்ற மிச்சத்தைத்தான். வயர் போனதும் முழுச் சத்தமும் வருகிறது, அவனுக்குப் பிடிக்கவில்லை. இவனை மாதிரி ஆசாமிகளுக்காகவே சில செட்களில், இல்லாத வயரை இருக்கிற மாதிரி காட்டுகிற ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். 2018-ல் வந்த பாஸ் டபிள்யூ.எல்.-20 அந்த ஜாதி. காசு கொடுத்து வயரை ஒழித்துவிட்டு, மறுபடி காசு கொடுத்து அதன் குறையை வாங்குவது. கல்யாணமான வாசகர்களுக்கு இது புரியும்.

கூடவே நூறு ரூபாய்க்குள் இரண்டு சாமான் வாங்க வைத்தேன். மைக்குக்கு ஒரு பஞ்சு உறை. உதடு இரும்பில் படாது. இன்னொன்று ஒரு டெஸ்டர். வீட்டில் பழைய மல்ட்டிமீட்டர் இருந்தது, அதையும் கொடுத்தேன். மைக் வலைக்கும் ஆம்பின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே ஏ.சி. வோல்ட்டில் வைத்துப் பார்த்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். பத்து, ஐம்பது, நூறு என்று ஏறினால் பாட வேண்டாம். முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடு.

என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தப் பழைய இருபதடி வயரை ரப்பர் பாண்ட் போட்டுச் சுற்றி, அவன் பையில் வைத்தாள்.

"அதான் ஒயர்லெஸ் வாங்கிட்டேனேக்கா?"

"அது வேலை செய்யலேன்னா? கீபோர்டுக்காரன் வாசிப்பானா?"

அந்த ரிசெப்ஷன் கதை அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று என்னை முறைத்தான். நான் பேப்பர் படித்தேன்.

இந்த வருஷம் ஆடியில் அதே கோயில், அதே மேடை. மழை இல்லை, ஆனால் யாரோ பானகக் குடத்தைக் கவிழ்த்திருந்தார்கள். மச்சினன் ஆறு மணிக்கே போய், மல்ட்டிமீட்டரை மைக்கில் வைத்துப் பார்த்தான். எண்பத்து மூன்று வோல்ட். சவுண்ட்காரரும் அவனுமாகத் தேடி, ஜெனரேட்டரின் எர்த் வயர் கழன்று தரையில் கிடப்பதைக் கண்டுபிடித்தார்கள். முறுக்கிக் கட்டி, எர்த் கம்பியடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, மறுபடி வைத்துப் பார்த்தபோது ஒன்றரை வோல்ட். மூன்றாவது பாட்டில் கோரஸ் வந்தது. முன் வரிசையில் நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் மைக்கிடம் போனான். 'லாலலா' சொன்னான். திரும்பி வந்தான்.

கச்சேரி முடிந்து கீழே இறங்கியபோது, அதே பாட்டி வேப்பிலையுடன் காத்திருந்தாள். முகத்தில் ஏக வருத்தம்.

"என்னப்பா, போன வருஷம் உம்மேல அப்படி வந்தாளே! இந்த வருஷம் ஏன் வரலே? ஏதும் குறை வெச்சியா?"